பக்கவாத மறுவாழ்வு சிகிச்சை: படுக்கையிலிருந்து பயிற்சிக்கு

பக்கவாதம் தாக்கியவர் பயிற்சியால் மறுபடி நடக்கவும் பேசவும் முடியும் என்ற எண்ணம் மருத்துவத்துக்குப் புதியது. நோயோ மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே அது பேசப்படுகிறது. கடுமையாக வந்தால் குணமாகாது, இலேசாக வந்தாலும் எளிதில் தீராது என்பது அங்கே காணப்படும் கணிப்பு. 1658-ல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை எழுதிவைத்தார். காரணம் ஓரளவு பிடிபட்டது, சிகிச்சை மாறவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் ரத்தம் எடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், படுக்க வைத்தார்கள்.

படுக்க வைத்ததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. செத்த மூளைத் திசு மறுபடி வளராது என்பது தெரிந்திருந்தது. வளர்ந்த மனிதனின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்று நரம்பியலின் முன்னோடியான ஸ்பெயின் நாட்டு சாண்டியாகோ ரமோன் இ கஹாலே எழுதினார். பாதை மாறாது என்றால் பயிற்சியால் என்ன பயன்? தானாக வருவது வரட்டும் என்று பொறுத்திருப்பதே அறிவுடைமையாகத் தோன்றியது. அப்படிப் பொறுத்திருந்த காலத்தில் நோயாளியின் தோள் இறுகியது, முழங்கை மடங்கியபடியே நின்றது, கணுக்கால் வளைந்தது, முதுகில் படுக்கைப்புண் வந்தது, நுரையீரலில் சளி கட்டியது. நோய் விட்டுவைத்ததைப் படுக்கை எடுத்துக்கொண்டது.

கைவைத்தியம் சும்மா இருக்கவில்லை. சித்த மருத்துவம் இந்நோயை வாத நோய்களுள் ஒன்றாக வைத்து, உள்மருந்தோடு தைலம் தடவி நீவிவிடும் தொக்கணத்தையும் சொன்னது. ஐரோப்பாவிலும் இதே போக்கு இருந்தது. இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் 1894-ல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய மசாஜ் பயிற்சியாளர் சங்கத்திலிருந்து வளர்ந்தது. தைலமானாலும் மசாஜ் ஆனாலும் வேலை செய்தவர் சிகிச்சை தருபவர். நோயாளி அதை ஏற்றுக்கொண்டு படுத்திருந்தார். அந்த வேலை நோயாளியின் கைக்கு மாறியதே பக்கவாத மறுவாழ்வின் வரலாறு.

முதல் முயற்சிகள்

மாற்றத்தின் முதல் அடையாளம் பேச்சில் தென்பட்டது. பாரிஸ் மருத்துவர் பால் ப்ரோக்கா 1861-ல், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையின் இடது முன்பகுதி கெட்டிருந்ததைக் காட்டினார். 1865-ல் எழுதிய கட்டுரையில் இன்னொரு படி மேலே சென்றார். இடப்பக்கம் இழந்த வேலையை வலப்பக்கம் கற்றுக்கொள்ளக்கூடும் என்றும், அதற்குக் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் தாயின் பொறுமை வேண்டும் என்றும் கருதினார்.

உடல் அசைவுக்கான பாடம் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கிருந்த மருத்துவர் ஹைன்ரிக் ஃப்ரெங்கெல், தண்டுவட நோயால் தடுமாறிய ஒருவரை விரலால் மூக்கைத் தொடச் சொல்லிச் சோதித்தார். அவரால் சரியாக முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது நன்றாகச் செய்தார். இடையில் அவராகவே அதைப் பழகியிருந்தார். இதைப் பிடித்துக்கொண்டு ஃப்ரெங்கெல் படிப்படியான பயிற்சி முறை ஒன்றை வகுத்து 1890-ல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் பயிற்சிகளை இன்றும் பிசியோதெரபி மாணவர்கள் படிக்கிறார்கள். அவை பக்கவாதத்துக்காக உருவானவை அல்ல. ஆனால் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே மருந்தாகும் என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது.

பக்கவாதத்தை நேரடியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க உளவியலாளர் ஷெப்பர்ட் ஐவரி ஃப்ரான்ஸ். வாஷிங்டனில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில், கைகால் முடங்கி வெகுகாலம் ஆன நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்று 1915-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். 1917-ல் ராபர்ட் ஆக்டனும் அவரும் குரங்குகளில் நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. மூளையில் அசைவுக்கான பகுதியைச் சேதப்படுத்தி ஒரு பக்கத்தை முடக்கினார்கள். சும்மா விடப்பட்ட குரங்குகளின் கை முடங்கியே கிடந்தது. நல்ல கையைக் கட்டிப்போட்டு, முடங்கிய கையையே பயன்படுத்தும்படி வற்புறுத்தப்பட்ட குரங்குகளுக்கு அசைவு சில வாரங்களில் திரும்பியது. மூளையில் புண் அப்படியே இருந்தது. நீவிவிடுவதும் பயன்படுத்த வைப்பதும் ஒன்றல்ல என்பது அன்றே பதிவாகிவிட்டது. ஆனால் மருத்துவ உலகம் அந்தக் கட்டுரையை அரை நூற்றாண்டுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை.

இரு போர்களும் ஒரு முதியோர் வார்டும்

மறுவாழ்வு சிகிச்சையைத் தனித் துறையாக்கியவை உலகப் போர்கள். மூளையில் குண்டுக்காயம் பட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவர்களைப் படுக்கையில் விட்டுவிட எந்த அரசாலும் முடியவில்லை. முதல் உலகப் போரின்போது ஃப்ராங்ஃபர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைன் மூளைக்காயம் பட்ட வீரர்களுக்கென நிலையம் நடத்தினார். 1917-ல் அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிக்கான தேசியச் சங்கம் உருவானது. உடுத்துவது, உண்பது, ஒரு தொழிலைச் செய்வது என்று அன்றாடச் செயலையே சிகிச்சையாக்கியது அந்தத் துறை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா யூரல் மலைப்பகுதியில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையை நடத்தினார். சிதைந்த செயலைப் பழைய வழியில் மீட்க முடியாவிட்டால், மூளையின் வேறு பகுதிகளைத் துணைக்கொண்டு புது வழியில் கட்டியெழுப்பலாம் என்பது அவர் கொள்கை.

அமெரிக்க விமானப்படை மருத்துவமனைகளில் நோயாளிகள் வெறுமனே படுத்திருப்பதை மாற்றியவர் ஹோவர்ட் ரஸ்க். போருக்குப் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1948-ல் மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நோய் வராமல் தடுப்பது, வந்ததைக் குணமாக்குவது ஆகிய இரண்டுக்கும் அடுத்து மறுவாழ்வே மருத்துவத்தின் மூன்றாம் கட்டம் என்று அவர் வாதிட்டார்.

அந்த நியூயார்க் நிலையத்திலிருந்து வேலூருக்கு ஒரு நேர்க்கோடு வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த அவர், பின்னர் ரஸ்க்கின் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதற்குமுன் 1955-ல் மும்பையில் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிலையம் தொடங்கியிருந்தது.

போர்வீரர் இளைஞர், பக்கவாத நோயாளி பெரும்பாலும் முதியவர். இளைஞருக்குக் கிடைத்ததை முதியவருக்கும் கொண்டுவந்தவர் மார்ஜரி வாரன். லண்டனை அடுத்த ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, 1935-ல் பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கே கிடந்த 700-க்கும் மேற்பட்ட நாள்பட்ட நோயாளிகள் வாரனின் பொறுப்பில் வந்தார்கள். பக்கவாதம், மூட்டு நோய், மனநோய் என்று வேறுபாடில்லாமல் ஒரே வரிசையில் வருடக்கணக்கில் படுத்திருந்தவர்கள் அவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்து நோய்வாரியாகப் பிரித்தார். சுவர்களுக்கு வெளிர்நிற வண்ணம் பூசவைத்தார், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார், பிடித்து நடக்கக் கம்பிகள் பொருத்தினார். நோயாளிகளை எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்தார். இனி எழமாட்டார் என்று எழுதப்பட்ட பலர் வீடு திரும்பினார்கள். 1943-லும் 1946-லும் அவர் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவம் என்ற தனித் துறைக்கு அடிகோலின. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக இயங்க வேண்டும் என்ற அவர் வற்புறுத்தலுக்குச் சோதனைபூர்வமான சான்று கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பயிற்சிப் பள்ளிகள்

1940களுக்கும் 1970களுக்கும் இடையில் பக்கவாதப் பயிற்சி பல பள்ளிகளாகப் பிரிந்தது. முடக்கம் எப்படித் தளர்கிறது என்று அமெரிக்க மருத்துவர் தாமஸ் ட்விட்செல் 121 நோயாளிகளைக் கவனித்து 1951-ல் எழுதினார். முதலில் கை துணிபோல் தொய்ந்திருக்கும்; பிறகு இறுகும்; விரலை மட்டும் அசைக்க நினைத்தால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து மடங்கும்; அதற்கும் பிறகே ஒவ்வொரு மூட்டும் தனித்து அசையத் தொடங்கும். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே ப்ரூன்ஸ்ட்ரோம் இதை ஆறு கட்டங்களாக வகுத்தார். சேர்ந்து மடங்கும் அசைவாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் ஏதேனும் ஓர் அசைவை வரவழைத்து அதன்மேல் கட்டலாம் என்பது அவர் வழி.

இதற்கு நேர் எதிராக நின்றவர் பெர்ட்டா போபாத். பெர்லினில் உடற்பயிற்சிக் கலை பயின்று, நாஜி ஆட்சிக்குத் தப்பி லண்டன் வந்தவர். 1940களில் பக்கவாதத்தால் வலப்பக்கம் முடங்கிய சைமன் எல்வெஸ் என்ற ஓவியருக்குச் சிகிச்சை அளித்தபோது, உடலை வைக்கும் நிலையை மாற்றினால் கையின் இறுக்கம் தளர்வதைக் கண்டார். தவறான அசைவைப் பழகவிட்டால் அதுவே நிலைத்துவிடும், ஆகவே முதலில் அதைத் தடுத்துச் சரியான அசைவைப் பழக்க வேண்டும் என்பது அவர் முடிவு. நரம்பியல் விளக்கம் தந்தவர் கணவர் கரேல் போபாத். ப்ரூன்ஸ்ட்ரோம், பெர்ட்டா போபாத் இருவரின் பக்கவாத நூல்களும் 1970-ல் வெளிவந்து உலகெங்கும் பாடநூல்களாயின. 1982-ல் சிட்னியைச் சேர்ந்த ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் மூன்றாவது வழியை முன்வைத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, தம்ளரை எடுப்பது என்று நோயாளிக்குத் தேவையான செயலையே நேரடியாகப் பழக்குவது அது. பின்னாளில் ஆய்வாளர்கள் இம்முறைகளை ஒப்பிட்டபோது, எந்த ஒரு பள்ளியும் மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்ததென்று நிலைநாட்டப்படவில்லை. செயலை நேரடியாகப் பழக்கும் வழியே மெல்ல மெல்ல இடம்பிடித்தது.

முன்னேற்றத்தை அளக்கவும் கருவி வேண்டியிருந்தது. 1965-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனியும் டாரதியா பார்தெலும் பத்துச் செயல்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். சாப்பிடுவது, குளிப்பது, தலைவாரி முகம் கழுவுவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது. மொத்த மதிப்பெண் 100. தசை வலிமையையோ நரம்பின் நிலையையோ அது கேட்கவில்லை; பிறர் தயவில்லாமல் எவ்வளவு வாழ முடிகிறது என்று மட்டுமே கேட்டது. பார்தெல் குறியீடு என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பேச்சுக்கான சிகிச்சையும் இதே காலத்தில் விரிந்தது. நடிகை பாட்ரீசியா நீல் 1965-ல் பக்கவாதத்தால் பேச்சும் நடையும் இழந்தார். கணவரான எழுத்தாளர் ரோல்ட் டால், இங்கிலாந்தில் தம் கிராமத்து நண்பர்களை முறைவைத்து அழைத்து, தினமும் பல மணி நேரம் அவருக்குப் பாடம் சொல்ல வைத்தார். சில ஆண்டுகளில் நீல் திரைப்படத்தில் நடித்து ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றார். அப்படி வந்த அண்டைவீட்டாரில் ஒருவரான வாலரி ஈட்டன் க்ரிஃபித் பின்னர் அந்த அனுபவத்தை நூலாக்கி, தன்னார்வலர் திட்டமாகவும் வளர்த்தார். 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் வேறொரு வழியை அறிமுகப்படுத்தினார்கள். பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும் என்பதைப் பயன்படுத்தி, சொற்றொடரை ராகமிட்டு, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, பிறகு ராகத்தைப் படிப்படியாக விலக்கும் முறை அது.

மூளை மாறும் என்ற சான்று

பயிற்சியாளர்கள் நம்பியதை மூளையறிவியல் ஏற்கக் காலம் பிடித்தது. அதற்கு வழிதிறந்தவற்றில் ஒன்று ஸ்பானியக் கவிஞரும் நியூயார்க் சிட்டி கல்லூரிப் பேராசிரியருமான பெட்ரோ பாக்-ஈ-ரீட்டாவின் கதை. 1959-ல் 65 வயதில் பக்கவாதம் அவருடைய பாதி உடலையும் பேச்சையும் முடக்கியது. வழக்கமான சிகிச்சை சில வாரங்களில் முடிந்துவிட, மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் தந்தையை அங்கே அழைத்துப்போனார். குழந்தை நடப்பதற்குமுன் தவழ்கிறது என்ற ஒரே நியாயத்தை வைத்துக்கொண்டு, முழங்காலில் பட்டை கட்டி, சுவரோரமாகத் தவழவைத்தார். பலவீனமான கையைப் பாத்திரத்துக்குள் விட்டு, கால் மணி நேரம் வலஞ்சுழியாகவும் கால் மணி நேரம் இடஞ்சுழியாகவும் தேய்க்கவைத்தார். ஏறத்தாழ ஓராண்டில் பெட்ரோ வேலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், மூளையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் நரம்பிழைகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தே இருந்தது தெரிந்தது. புண் ஆறாமலே செயல் திரும்பியிருந்தது. இன்னொரு மகனான பால் பாக்-ஈ-ரீட்டா தம் வாழ்நாள் ஆய்வையே மூளையின் மாறும் தன்மைக்கு அர்ப்பணித்தார்.

ஃப்ரான்ஸின் மறக்கப்பட்ட சோதனைக்கு மறுபிறப்புக் கொடுத்தவர் எட்வர்ட் டாப். உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடும். ஆனால் நல்ல கையைக் கட்டினால் அதே கையைப் பயன்படுத்தும். தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்றதால், பயன்படுத்தாமலிருக்கவே அவை கற்றுக்கொள்கின்றன என்று டாப் விளக்கினார். 1981-ல் மேரிலாந்தின் சில்வர் ஸ்ப்ரிங்கில் இருந்த அவருடைய ஆய்வகத்துக் குரங்குகளைக் காவல்துறை கைப்பற்றியது. விலங்கு வதை வழக்கு நாடறிந்த விவகாரமாகி, ஆய்வு நின்றது. அவர்மீதான தீர்ப்புகள் பின்னர் ரத்தாயின. பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தில் அவர் அந்தக் கருத்தை மனிதருக்குக் கொண்டுவந்தார். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும், இரண்டு வாரங்களுக்கு, முடங்கிய கையாலேயே எல்லாம் செய்யவைப்பது அந்த முறை. 222 பேரை வைத்து நடந்த எக்சைட் ஆய்வு 2006-ல் வெளிவந்து, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கும் இது பலன் தருவதைக் காட்டியது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்ட முடிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். கை முழுவதும் முடங்கியவருக்கு இது பொருந்தாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை 1996-ல் ராண்டால்ஃப் நூடோ குழு குரங்குகளில் காட்டியது. பயிற்சி இல்லாவிட்டால் புண்ணைச் சுற்றியுள்ள பகுதியிலும் கைக்குரிய இடம் சுருங்கியது. பயிற்சி கொடுத்தால் அந்த இடம் காப்பாற்றப்பட்டது, சில குரங்குகளில் விரிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவரும் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய வலிக்காக வகுத்த கண்ணாடி முறையும் இக்காலத்தில் பக்கவாதத்துக்கு வந்தது. நல்ல கையின் பிம்பம் முடங்கிய கை இருக்கும் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து இரு கைகளையும் அசைக்க முயலும் இப்பயிற்சி, 1999-ல் 9 பேரிடம் சோதிக்கப்பட்டது. செலவு குறைவு என்பதால் எளிய மருத்துவமனைகளிலும் அது இடம்பெற்றது.

தனி வார்டும் தராசும்

மிகப் பெரிய பலன் புதுக் கருவி எதிலிருந்தும் வரவில்லை. நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்மில் பென்ட் இந்த்ரேதாவிக் குழு, 220 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைப் பொது வார்டிலும் மீதிப் பேரைப் பக்கவாதத்துக்கான தனி வார்டிலும் சேர்த்தது. 1991-ல் வெளியான முடிவின்படி, ஆறு வாரத்தில் தனி வார்டில் இருந்தவர்களில் 56 சதவீதம் பேர் வீட்டில் இருந்தார்கள்; பொது வார்டினரில் 33 சதவீதம் பேர்தான். 1993-ல் பீட்டர் லாங்ஹார்னும் சக ஆய்வாளர்களும், 1,586 நோயாளிகளைக் கொண்ட பத்து ஆய்வுகளைத் தொகுத்து, தனி வார்டுகள் உயிரிழப்பையும் குறைக்கின்றன என்று காட்டினார்கள். அங்கே தனியான மருந்து இல்லை. இருந்தது பயிற்சி பெற்ற குழு, அது வாரந்தோறும் கூடிப் பேசும் வழக்கம், சீக்கிரமே எழுப்பும் பழக்கம், குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. வாரன் சொன்னதற்குச் சான்று வந்துசேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நம்பிக்கையும் தராசில் ஏறியது. எம்.ஐ.டி.யில் ஹெர்மானோ இகோ க்ரெப்ஸ், நெவில் ஹோகன் குழு 1990களில் உருவாக்கிய கை ரோபோ பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2019-ல் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த ஆய்வில், ரோபோ பயிற்சியால் கையின் செயல்பாடு வழக்கமான சிகிச்சையைவிடக் கூடவில்லை. உடலைத் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்கவைக்கும் முறையும் 2011-ல் 408 பேரிடம் சோதிக்கப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கொடுத்த எளிய பயிற்சியை அது விஞ்சவில்லை.

சீக்கிரம் எழுப்ப வேண்டும் என்ற கொள்கைக்கும் எல்லை தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில், மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக நேரம் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம் பேர். முதல் நாளிலேயே நீண்ட பயிற்சி கூடாது, சிறுசிறு நேரமாகப் பல தடவை எழுப்புவதே நல்லது என்று வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன.

இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்தும் கேள்வியை அட்டெண்ட் ஆய்வு எழுப்பியது. பிசியோதெரபிஸ்டுகள் போதாத நாட்டில், வீட்டாருக்கே பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் போதுமா? 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் உயிரிழப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வேறுபாடு எதுவும் இல்லை. தாயும் மனைவியும் மகளும் காட்டும் அக்கறை, தேர்ந்த குழுவுக்குத் துணையாகலாமே ஒழிய மாற்றாகாது என்பதே இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம்.

இவ்வளவு சோதனைக்கும் பிறகு நிலைத்தவை சில விதிகளே. நோயாளி தனக்குத் தேவையான செயலைத் தானே செய்து பழக வேண்டும். அதைப் போதிய தடவை செய்ய வேண்டும். பல துறையினர் அடங்கிய ஒரே குழு அதை நடத்த வேண்டும். முதல் நாளில் அவசரம் கூடாது, மாதங்கள் கடந்தபின் கைவிடவும் கூடாது. போதிய தடவை என்பது எத்தனை என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இன்னும் வகுக்கப்படவில்லை. இன்றைய ஆய்வுகளில் பல அந்த அளவைத் தேடியே நடக்கின்றன.